புதுப் புள்ளி எதுவும் இல்லை

1

நாளை காலை எனக்கு ஸ்கேன். என் மூளைக்கு வருடம் ஒருமுறை நடக்கும் பரீட்சை. போன வருடம் பாஸ், அதற்கு முந்தைய வருடமும் பாஸ். நாளைக்கும் பாஸாகிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

நான் இருப்பது சிங்கப்பூரில். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தியிடம் ஃபோனில் “எனக்கு எம்.எஸ். வந்திருக்கு” என்றபோது, “இந்த வயசுல படிக்கிறியா? நல்லாப் படி தாயி” என்று வாழ்த்தினாள். நம் ஊரில் அவ்வளவாகக் கேள்விப்படாத வியாதி. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி புத்தி கெட்டுப்போய் நம் நரம்பின் மேலுறையையே கடித்துவைக்கும். மின்கம்பியில் ரப்பர் உரிந்தால் என்ன ஆகுமோ அதுதான். எனக்கு முதலில் வலது கண் மங்கியது, பிறகு இடது கால் இழுத்தது.

கடிபட்ட இடங்கள் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். புதிதாகப் புள்ளி விழாமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. புதுப் புள்ளி வரவில்லை. ஆனால் கால் மட்டும் மாதத்துக்கு மாதம் கெட்டுக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே சமயத்தில் நடக்கும் என்று என் வீட்டு மனிதர்களை நம்பவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

போன வருட ஸ்கேன் முடிந்து டாக்டர் அறையில் நானும் இவரும் உட்கார்ந்திருந்தோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர், ராஜேந்திரன். டாக்டர் சீனர், என்னைவிட இளையவர், பொறுமையானவர். திரையில் என் மூளையைத் தக்காளியை வட்டம் வட்டமாக நறுக்கியதுபோல் ஒவ்வொரு வில்லையாக நகர்த்திக் காட்டினார். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், நான் தமிழில் தருகிறேன்.

“நல்ல செய்தி. புதுப் புள்ளி எதுவும் இல்லை. பழையதும் பெரிதாகவில்லை.”

இவர் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்க்க வேண்டுமே. உடனே எழுந்து, “டாக்டர், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று அனுமதி கேட்டு, ஃபோனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னேன்: “ஆனா என் கால் போன வருஷத்தைவிட மோசம் டாக்டர். பாதம் தூக்க முடியலை. கொஞ்சம் வெயில்ல நின்னா முட்டி மடங்கிடுது.”

அவர் தலையாட்டினார். “நான் நம்புகிறேன். ஸ்கேனும் நோயாளியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மூளையில் நிறையப் புள்ளிகள் சத்தமில்லாமல் கிடக்கும். முதுகுத்தண்டில் ஒரே ஒரு சின்னப் புள்ளி காலை முடக்கிவிடும். உங்களுக்கு அப்படித்தான், கழுத்துக்குக் கீழே ஒன்று இருக்கிறது. அது ஆறிய இடத்தில் நரம்பு மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகலாம். அந்தத் தேய்மானத்தை இந்தப் படம் காட்டாது.”

எவ்வளவு தெளிவாகச் சொன்னார், பாருங்கள்! நான் திரும்பி இவரைப் பார்த்தேன். படம் மங்கலாக விழுந்துவிட்டது என்று இரண்டாவது முறை எடுத்துக்கொண்டிருந்தார். முதல் வரி காதில் விழுந்தது, மிச்சமெல்லாம் ஏசிக் காற்றோடு போய்விட்டது.

முழுக்க அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இவர் வேலை அப்படி. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டிங் சோதனை. பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார். உள்ளே குமிழோ கீறலோ தெரிந்தால், “வெட்டுடா, மறுபடி அடி” என்பார். தெரியாவிட்டால் கையெழுத்துப் போடுவார். வெல்டர் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார், கண்ணீர் விட்டாலும் நம்ப மாட்டார். ஃபிலிம்தான் பேச வேண்டும். இருபத்தைந்து வருடமாக இப்படிப் பிழைக்கிற மனிதனுக்குக் கல்யாணம் ஆகி நான் ஒருத்தி, என் எக்ஸ்ரேயும் சுத்தம்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக் கூடம் சின்னது, தொலைக்காட்சி பெரியது. ஜனங்கள் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு என் மூளையைப் பார்த்தார்கள். “இந்த இடத்தைப் பாருங்க, சுத்தமா இருக்கு” என்று இவர் விரலால் காட்ட, அவர்களும் ஏதோ புரிந்ததுபோல, “ஆமாமா, நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்று நெய் ஒழுகச் சொன்னார்கள். நான் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவராவது திரும்பி என் காலைப் பார்த்தார்களா? அப்போது எனக்கு வாயில் நன்றாக வந்தது, பண்டிகை நாளாயிற்றே என்று முழுங்கிக்கொண்டேன்.

3

அன்றைக்குத்தான் வேண்டுதல் விஷயம் வெளியே வந்தது. இவருடைய அக்கா, பூன் லேயில் இருக்கிறார், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், இரண்டாவது முறை பொங்கல் போட்டுக்கொண்டே கேட்டார்.

“அப்புறம் என்ன தம்பி, முருகன் கண்ணைத் திறந்துட்டான். நேர்ந்துக்கிட்டதை எப்ப செய்யப் போறே?”

“தைப்பூசத்துக்குத்தாங்க்கா. பதிவு பண்ணி நேரமும் வாங்கிட்டேன்.”

“என்ன நேர்ந்துக்கிட்டீங்க?” என்று நான் கேட்டேன்.

இவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். “ஸ்கேன்ல புதுசா எதுவும் வரக்கூடாது, அப்படி வரலைன்னா நீ பால்குடம் எடுப்பேன்னு டேங்க் ரோடு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்.”

“யாரு?”

“நீதான்.”

சிங்கப்பூரில் பால்குடம் என்றால் சிராங்கூன் சாலைக் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் நடை. நல்ல கால் உள்ளவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செருப்புப் போடக் கூடாது. என் இடது பாதம் தொங்காமலிருக்க நான் காலணிக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறேன். காலணி இல்லையென்றால் பட்டையும் இல்லை. இவ்வளவும் தெரிந்தவர்தான் இவர். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை கேட்டிருப்பீர்கள். இங்கே தேங்காய் நான்.

இது எனக்குப் புதிதில்லை என்பதுதான் இன்னும் கொடுமை. திண்டுக்கல்லில் நான் ஐந்தாவது படிக்கும்போது என் அண்ணன் பத்தாவது எழுதினான். அவன் பாஸானால் பாப்பாவுக்கு மொட்டை என்று அப்பா பழனிக்கு நேர்ந்துகொண்டார். அவன் எப்படியோ கணக்கில் தப்பிப் பிழைத்தான். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் முறுக்குத் தின்றான். திரும்பி வரும்போது எனக்குத் தலையில் சந்தனம். பள்ளிக்கூடத்தில், “யாருக்குடி உடம்பு சரியில்லை?” என்று டீச்சர் கேட்டார். “அண்ணன் பாஸாயிட்டான் டீச்சர்” என்று நான் அழுதேன். நம் வீடுகளில் வேண்டுதலை ஒருவர் வைப்பார், உடம்பை இன்னொருவர் கொடுப்பார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

“எனக்குக் கால் வரலைங்க” என்றேன்.

“அதான் ஸ்கேன் நல்லா இருக்கே” என்றார்.

4

வேலையிடத்திலும் இதே பாட்டுதான். நான் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. சின்னஞ்சிறுசுகளோடு தரையில் உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உட்காருவதில் சிரமமில்லை. எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. சில நாள் பாட்டு முடிந்தபிறகும் எழுந்திருக்க முடியாமல், “இன்னொரு பாட்டுப் பாடலாமா?” என்று சமாளிப்பேன். ஒரு குட்டிப் பெண் என் பாதத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், யுவர் லெக் ஸ்லீப்பிங் ஆ?” என்று கேட்டாள். மனிதர்களில் முதலில் கவனித்தவள் அவள்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி வேண்டும் என்று கேட்டேன். மருத்துவமனையிலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தேன். அதில் மேலே ஒரு வரியில் ‘ஸ்டேபிள்’ என்று இருந்தது. கீழே ஒரு பத்தி முழுக்க என் காலைப் பற்றி இருந்தது. நிர்வாகத்தில் ஒரு பெண்மணி முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, “ஸ்டேபிள்னா நல்லதுதானே டீச்சர்? கங்கிராட்ஸ்!” என்றார். கீழே படியுங்கள் என்றேன். படிக்கிறேன் என்றார். பிறகு கடிதம் பழையதாகிவிட்டது, புதுசு வேண்டும் என்றார். புதுசு வாங்க அப்பாயிண்ட்மெண்ட், அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு விடுப்பு, விடுப்புக்கு ஒரு கடிதம். கடைசியில் நாற்காலி கிடைத்தது, பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி. அதிலிருந்து எழுந்திருப்பதற்குத் தரையே மேல்.

5

மருந்து ஏற்றும் அறையில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. ரொஹானா. மலாய்க்காரி, காப்பிக் கடையில் நாசி லெமாக் விற்கிறாள். எனக்கு வந்த அதே வியாதி அவளுக்கும். அவள் ஸ்கேனைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். மூளை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஆளோ விடிவதற்குள் எழுந்து அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மத்தியானம்வரை நின்றபடியே வியாபாரம் பார்க்கிறாள். மாடிப்படியில் குதித்து இறங்குவாள்.

“ஆனா அக்கா, என் வீட்டுல என்னைப் பீங்கான் தட்டு மாதிரி வெச்சிருக்காங்க” என்று ஒருநாள் புலம்பினாள். எங்களுக்குள் கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கைஜாடை. “புருஷன் அந்தப் படத்தைப் பார்த்ததுலேருந்து தண்ணி வாளிகூடத் தூக்க விட மாட்டேங்கிறார். பையன் கூடவே வர்றான். எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.”

நான் பால்குட விவகாரத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாம ரெண்டு பேரும் ஸ்கேனை மாத்திக்கலாம் லா அக்கா” என்றாள். “உன் படத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன், என் படத்தை நீ கொண்டுபோ. ரெண்டு குடும்பமும் சரியாயிடும்.”

வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வருடத்தில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

6

என் மகள் நிவேதா பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. தமிழ் புரியும், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், அப்பாவிடம் பேசும்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருப்பாள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

“மா, சும்மா நோ சொல்லுங்க லா. இட்ஸ் யுவர் பாடி.”

“சொன்னேன்டி. கேக்கலையே.”

“தென் டோன்ட் கோ. அவ்ளோதான். போகாட்டி என்ன பண்ணுவாங்க?”

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “சாமி காரியம் நிவி. அப்படியெல்லாம் விட முடியாது” என்றார்.

“பா, எம்.எஸ்.ல ஸ்கேன் ஓகேவா இருந்தாலும் டிசபிலிட்டி வொர்ஸ் ஆகும். ஐ ரெட் இட். அம்மா கால் ஓகே இல்லை. யூ லைக் டோன்ட் வான்ட் டு சீ.”

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்காகத்தான் பேசினாள், தெரியும். ஆனால் ‘சும்மா நோ சொல்லு’ என்பது அவளுக்கு எவ்வளவு சுலபம்! அவள் இந்த ஊர்க்காரி. நான் மறுத்து, அதற்குப் பிறகு எனக்கு ஏதாவது ஆனால், ‘சாமி குத்தம்’ என்று அண்ணி சொல்வார். இவர் சொல்ல மாட்டார், ஆனால் நினைப்பார். நானே நினைப்பேனோ என்னவோ. நானும் முருகனைக் கும்பிடுகிறவள்தானே. இதையெல்லாம் எந்த மொழியில் அந்தப் பெண்ணுக்கு விளக்குவது? பேசாமல் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவினேன்.

போவதென்று முடிவு செய்தேன். பக்தியில் பாதி, வீம்பில் பாதி. நடந்து காட்டுகிறேன், என்ன ஆகிறதென்று இவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று ஒரு எண்ணம்.

7

தைப்பூசத்துக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது. நிவேதா வகுப்புக்குப் போய்விட்டாள். “ஐ கான்ட் வாட்ச் திஸ்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இவர் விடுப்பு எடுத்திருந்தார். எங்களுக்குக் கொடுத்த நேரம் காலையில்தான் என்றாலும், வரிசையில் நின்று குடத்தில் பால் ஊற்றி வாங்கி, தலையில் ஏற்றிப் புறப்படும்போது வெயில் உறைக்க ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் புடவை, தலையில் குடம், வெறுங்கால். ஒருபக்கம் இவர், இன்னொருபக்கம் அண்ணி.

தேக்கா சந்தையைத் தாண்டும்வரை சமாளித்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பைத் தூக்கி இடது காலை வீசினேன். பாதம் கீழே தொங்கியதால் கட்டைவிரல் தார்ச்சாலையில் உரசித் தோல் போனது. “வேல் வேல்” என்று அண்ணி எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சூடு ஏற ஏறக் கண் மங்கியது. எனக்கு உடம்பு சூடானால் இருக்கிற கோளாறெல்லாம் இரண்டு மடங்காகும். டாக்டர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், வெயிலில் நடக்காதீர்கள் என்று.

செலிகி சாலையில் உறுமி அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் முட்டி மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவர் பாய்ந்து பிடித்தார். எதை? குடத்தை. ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. நான் தார்ச்சாலையில் கிடந்தேன்.

அப்போதுதான் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. குதிகால் தரையில் படபடவென்று அடித்தது. இது வியாதியின் நடுக்கம், நரம்பு தறிகெட்டால் வருவது, எனக்கு வழக்கம்தான். ஆனால் சுற்றியிருந்த ஜனத்துக்கு அது எப்படித் தெரியும்? மஞ்சள் புடவை, விரிந்த முடி, சொருகிய கண், நடுங்குகிற கால்.

“அருள் வந்திருச்சு!” என்று யாரோ கத்தினார்கள்.

உறுமிக்காரர் என் பக்கம் திரும்பி இன்னும் வேகமாக அடித்தார். யாரோ நெற்றியில் கை நிறைய விபூதி அள்ளிப் பூசினார்கள், பாதி கண்ணுக்குள் போனது. அண்ணி கைகூப்பி, குனிந்து, என் காதில் கேட்டார். “முருகா! எங்க மேல என்ன கோபம்? என்ன குறை வெச்சோம்? சொல்லுப்பா!”

எனக்கு வந்தது அருள் இல்லை, ஆத்திரம். ஒரு வருடத்து ஆத்திரம். பக்கத்தில் குடத்தை அணைத்துக்கொண்டு நின்ற இவரைப் பார்த்து, கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருநாளும் பேசாத பேச்சைப் பேசினேன்.

“என்னால நடக்க முடியலைடா! எத்தனை தடவைடா சொல்றது?”

கூட்டம் மொத்தமும் “வேல் வேல்” என்றது. அண்ணி தன் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். “பாத்தியா தம்பி! சுமதி உன்னை டா போடுவாளா? அவன்தான் பேசுறான்!”

இவர் முகம் வெளுத்துவிட்டது. குடத்தை அக்காவிடம் கொடுத்தார். நடுத்தெருவில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். “தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு” என்று அழுதார்.

அதற்குள் முதலுதவித் தொண்டூழியர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். சீனப் பெண்மணி. “ஆண்டி, கேன் யூ ஹியர் மீ? எனி மெடிக்கல் கண்டிஷன்?” என்று கேட்டார். மனதுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டு, மருத்துவமனையில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஆங்கிலத்தை அப்படியே ஒப்பித்தேன்.

“எம்.எஸ். ஹீட் சென்சிட்டிவிட்டி. லெஃப்ட் ஃபுட் டிராப். ஐ நீட் அ வீல்சேர் அண்ட் அ டாய்லெட், இமீடியட்லி.”

அண்ணி கேட்டிருக்கிற என் ஆங்கிலம் வேறு. பேரங்காடியில் சில்லறை கேட்கிற ஆங்கிலம். அவர் பின்னால் இரண்டடி நகர்ந்து நின்று அலறினார். “சாமி இங்கிலீஷ் பேசுது தம்பி! வாகனம் கேக்குது! கொண்டுவாங்க, கொண்டுவாங்க!”

வாகனம் வந்தது. கழுத்தில் ஈரத்துண்டு போட்டார்கள். கழிப்பறைக்கும் கூட்டிப்போனார்கள். அதற்காக மட்டும் அந்தப் பெண்மணிக்கு ஒரு கோயில் கட்டலாம்.

8

வாகனம் கேட்ட சாமிக்குக் குடம் தூக்க ஆள் வேண்டுமே. அண்ணியே தலையில் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி எங்களுக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டார். நன்றாக நடக்கிற கால் அவருக்கு. இவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டோபி காட் பக்கம் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. தெரு கடக்கிற இடத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றோம்.

உடம்பு ஆறியிருந்தது. ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் சாமி பெயரில் பொய்யை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

“எனக்கு அருளெல்லாம் வரலைங்க” என்றேன். “நான்தான் பேசினேன்.”

“தெரியும்” என்றார் பின்னாலிருந்து.

“எப்படித் தெரியும்?”

“அந்த நடுக்கம் தினம் கட்டில்ல என் கால்ல வந்து இடிக்கிறதுதானே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தொலைக்காட்சியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். “தெரிஞ்சா எதுக்குக் கால்ல விழுந்தீங்க?”

“விழணும்னு இருந்துச்சு” என்றார். “அக்கா முன்னாடி, அத்தனை பேர் முன்னாடி, பொண்டாட்டி கால்ல எப்படி விழறது? சாமின்னு சொன்னாங்க. சரின்னு விழுந்துட்டேன்.”

“வீட்டுல யாரும் இல்லாதப்ப சொல்லியிருக்கலாமே? ஒரு வருஷமாக் கத்துறேனே.”

“சொன்னா நெசமாயிடும்ல சுமதி. அந்தப் படம் ஒண்ணுதான் என் கையில நல்லதா இருந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டேன்.”

எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. இந்த மனிதன் பயந்திருக்கிறான். அதை என்னிடம் சொல்வதற்குப் பதிலாக என்னையே வெறுங்காலில் நடக்கவிட்டிருக்கிறான். பாவம் என்று நினைத்தேன். பாவம் என்று நினைக்கவேண்டியிருக்கிறதே என்று இன்னும் கோபம் வந்தது.

“முன்னாடி வாங்க” என்றேன்.

நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்னால் வந்தார். சட்டை இல்லாத மார்பில் தார்ச்சாலையின் பொடிக்கல் இன்னும் ஒட்டியிருந்தது. என் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார்.

“இங்க அக்கா இல்லை. சாமியும் இல்லை. நான்தான் இருக்கேன். இப்ப சொல்லுங்க.”

என் இடது பாதத்தைத் தூக்கி, தோல் போன கட்டைவிரலைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார்.

“உனக்குக் கால் வரலை” என்றார்.

“இனிமே?”

ரொம்ப நேரம் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்காக விளக்கு ஒருமுறை பச்சையாகி, மறுபடி சிவப்பாகியது. பக்கத்தில் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“இனிமே வராது” என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் எழுந்து பின்னால் போனார். அடுத்த பச்சைக்குத் தள்ளினார்.